"தெரியல" என்றாரா, "தெரியும்ல" என்றாரா? ஓர் எழுத்தாக்கப் பணியின் நிகழ்வு ஆய்வு

ஒரு தொழிற்கூடத்தில் நடந்த விபத்தைப் பற்றிய உள்விசாரணையின் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கித் தரும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. அதில் நாங்கள் செய்த ஒரு பிழையையும் அதைக் கண்டுபிடித்துத் திருத்திய விதத்தையும் இங்கே பதிவு செய்கிறேன். அந்தப் பணியில் நான் இரண்டாம் கேட்பாளர். ஒருவர் எழுதி முடித்த பிரதியை ஒலியோடு வைத்து மறுபடி சரிபார்ப்பது என் பொறுப்பு. ஆட்களையோ நிறுவனத்தையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். பேசியவர்களின் வாக்கியங்களையும் சற்று மாற்றியிருக்கிறேன். சிக்கலுக்குக் காரணமான சொல் மட்டும் இருந்தபடியே இருக்கிறது.

பணி வந்த விதம்

ஓர் இயந்திரத்தின் பாதுகாப்பு மூடி கழற்றி வைக்கப்பட்டிருந்த நேரத்தில் ஒரு தொழிலாளியின் கை சிக்கிக் காயமானது. மூடி கழற்றப்பட்டிருந்தது அந்த ஷிப்டின் மேற்பார்வையாளருக்கு முன்கூட்டியே தெரியுமா, தெரியாதா என்பதுதான் விசாரணையின் மையக் கேள்வி. ஐந்து பேரிடம் வாக்குமூலம் வாங்கி, எல்லாவற்றையும் கைப்பேசியில் பதிவு செய்திருந்தார்கள். மொத்தம் 4 மணி 20 நிமிடம். மேற்பார்வையாளரின் பதிவு மட்டும் 48 நிமிடம். அந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள்: மேற்பார்வையாளர், விசாரணை அதிகாரி, தொழிலாளர் தரப்புப் பிரதிநிதி.

தெளிவான ஒரு மணி நேர ஒலியை எழுத்தாக்க, தேர்ந்த கைக்கே ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகும். ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேசும் பதிவென்றால் இன்னும் கூடும். இந்தக் கணக்கைச் சொல்லித்தான் ஐந்து வேலை நாள் கேட்டோம். வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார். ஆனால் மேற்பார்வையாளரின் பதிவை மட்டும் இரண்டாம் நாளே தந்துவிட வேண்டும் என்றார். நாங்களும் சரி என்றோம். தவறு அங்கேயே தொடங்கிவிட்டது என்று இப்போது தெரிகிறது.

கோப்புகள் மெசேஜ் செயலி வழியாக வந்தன. அவற்றோடு, "படிக்க எளிதாக இருக்கும்" என்று ஒரு பக்கக் குறிப்பும் வந்தது. யார் யார் பேசுகிறார்கள், விபத்து எப்படி நடந்தது என்ற விவரங்களுக்குக் கீழே இப்படி ஒரு வரி இருந்தது: "மூடி கழற்றியிருந்ததைத் தாம் அறிந்திருந்ததாக மேற்பார்வையாளர் ஒப்புக்கொள்கிறார்." எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. அறையில் இருந்தபோது தனக்குப் பட்டதை எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.

எழுத்தாக்கியவர்

மேற்பார்வையாளரின் பதிவை எழுத்தாக்கியவர் எங்கள் குழுவிலேயே அனுபவம் மிக்கவர். பல ஆண்டுகள் மருத்துவர்களின் ஆங்கிலக் குறிப்புரைகளைக் கேட்டுத் தட்டச்சு செய்தவர். அந்தத் துறையில் காது எப்படிப் பழகும் என்பதைச் சொல்ல வேண்டும். குறைவைச் சொல்லும் ஹைப்போவும் மிகுதியைச் சொல்லும் ஹைப்பரும் ஒரே மாதிரி விழும், பொருளோ நேரெதிர். பிஃப்டீன் என்றாரா பிஃப்டி என்றாரா என்பதில் மருந்தின் அளவே மாறிவிடும். அதனால் அங்கே முதலில் கற்றுத்தரும் ஒழுக்கம், சந்தேகம் வந்தால் ஊகித்து எழுதாதே, வெற்றிடம் விட்டு நேரத்தைக் குறித்து மேலே அனுப்பு என்பது. அவர் அதைக் கறாராகக் கடைப்பிடிப்பவர். ஒரு மருந்தின் பெயருக்காகப் பத்து முறை ஒலியைப் பின்னுக்குத் தள்ளிக் கேட்டுவிட்டு, அப்படியும் பிடிபடாமல் வெற்றிடம் விட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவர் இந்த 48 நிமிடப் பதிவில் ஒரே ஒரு வெற்றிடம்தான் விட்டிருந்தார். அப்போது எனக்கு அது உறுத்தவில்லை. உறுத்தியிருக்க வேண்டும்.

முதல் வரைவு

எங்கள் வழக்கப்படி, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் முதலில் ஒரு வரைவைத் தரும். எழுத்தாக்குநர் ஒலியைக் கேட்டபடி அதைத் திருத்துவார். ஒருவர் மட்டும் நிதானமாகப் பேசும் பதிவுகளில் இது, ஒலியை நிறுத்தவும் ஓட்டவும் உதவும் கால் பெடலை மிதித்துக்கொண்டு முதலிலிருந்து தட்டுவதை விட வேகமானது. ஆனால் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசும் பதிவில் மென்பொருள் தடுமாறும். தடுமாறுவதை அது காட்டிக்கொள்ளாது என்பதுதான் பெரிய தொல்லை. காதில் விழாத இடத்திலும் வழக்கத்தில் அதிகம் வரும் சொல்லைப் போட்டு வாக்கியத்தை நிரப்பிவிடும்.

12-ஆம் நிமிடத்தில் மேற்பார்வையாளர் சொல்கிறார்: "மூடிய கழட்டி வச்சது எனக்கு…" அடுத்த சொல் முடிவதற்குள் பிரதிநிதி குறுக்கே பேசுகிறார். பின்னணியில் ஏதோ ஓர் இயந்திரத்தின் இரைச்சல் விடாமல் ஓடுகிறது. மென்பொருள் அங்கே "தெரியும்" என்று எழுதியிருந்தது. எழுத்தாக்குநர் திரும்பக் கேட்டார். கடைசியில் ஒரு "ல" இருப்பது அவர் காதில் விழுந்தது. எனவே "தெரியும்ல" என்று திருத்தினார். பேச்சுத்தமிழ் வேண்டாம், நல்ல தமிழில் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டிருந்ததால், இறுதிப் பிரதியில் அது "மூடியைக் கழற்றி வைத்தது எனக்குத் தெரியும் அல்லவா" என்று ஆனது.

இரண்டாம் நாள் மாலை அந்தப் பிரதி போய்விட்டது. இரண்டாம் கேட்பு மறுநாள்தான் என்று வைத்திருந்தோம். அனுப்பியவன் நான்.

இரண்டாம் கேட்பு

மூன்றாம் நாள் காலை ஹெட்போனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வாடிக்கையாளரின் குறிப்பை அதுவரை நான் படித்திருக்கவில்லை. திட்டமிட்டுத் தவிர்த்தேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் நேரம் கிடைக்கவில்லை என்பதே உண்மை. பிரதியைப் பார்க்காமல் முதலில் ஒரு தடவை ஒலியை ஓடவிடுவது என் பழக்கம். 12-ஆம் நிமிடம் வந்தபோது என் காதில் "தெரியல" என்று விழுந்தது. பிரதியைத் திறந்தால் அதற்கு நேர் எதிரானது இருந்தது.

எழுத்தாக்குநரை அழைத்தேன். இருவரும் ஒரே ஆறு விநாடித் துண்டைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். "என் காதுக்கு 'ம்' தெளிவா விழுதுங்க" என்றார் அவர். என் காதுக்கு விழவில்லை. அதைவிடக் கவலை தந்தது, அவர் சொன்ன பிறகு எனக்கும் அது லேசாக விழத் தொடங்கியதுதான்.

இது மனப்பிரமை என்று ஒதுக்கிவிடக் கூடியதல்ல. ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர் 1970-இல் வெளியிட்ட ஒரு சோதனை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அனைவரும் அறிய வேண்டியது. பதிவு செய்த ஓர் ஆங்கில வாக்கியத்தில் ஒரு சொல்லின் நடுவே இருந்த "ஸ்" ஒலியை முற்றிலும் வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை வைத்தார். கேட்ட 20 பேரில் 19 பேர் ஒலி எதுவும் விடுபடவில்லை என்றார்கள். இல்லாத "ஸ்" அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. வெட்டிய இடத்தை மௌனமாக விட்டால் குறை தெரிந்துவிடும். வேறொரு சத்தத்தால் மூடினால் மூளை தானே நிரப்பிக்கொள்ளும். எங்கள் பதிவில் அந்த இருமலின் இடத்தில் இயந்திர இரைச்சல் இருந்தது. இதழ்களை மூடி மூக்கால் ஒலிக்கும் "ம்" தாழ்ந்த முனகல்தானே, அந்த இரைச்சலும் அதே தாழ்ந்த பகுதியில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

தெளிவற்ற ஒலியில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவருக்கு அதுவே கேட்கும் என்பதை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒலியியலாளர் ஹெலன் ஃப்ரேசர் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார். நீதிமன்றங்களுக்குப் போகும் ரகசிய ஒலிப்பதிவுகளை வைத்து அவர் சொல்வது இது. எங்கள் எழுத்தாக்குநருக்கு இருமுறை சொல்லப்பட்டிருந்தது: வாடிக்கையாளரின் குறிப்பு ஒரு முறை, மென்பொருளின் வரைவு இன்னொரு முறை.

அன்று பிற்பகல் நான் அவரிடம் கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன பதில்தான் இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொண்ட முக்கியமான பாடம். மருத்துவக் குறிப்பில் இப்படி ஓர் இடம் வந்திருந்தால் வெற்றிடம் விட்டிருப்பீர்களே, இங்கே ஏன் விடவில்லை? கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அங்க எனக்குத் தெரியாத சொல்லா இருக்கும், அதனால சந்தேகம் வரும். இது நம்ம பாஷை. சந்தேகமே வரலீங்க."

தாய்மொழியில் நாம் ஊகிக்கிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. அந்நிய மொழியில் ஊகம் ஊகமாகவே உணரப்படும். சொந்த மொழியில் அது கேட்டதாகவே பதிந்துவிடும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆம், இல்லை என்ற தீர்ப்பு பெரும்பாலும் வினையின் வாலில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். "தெரியும்", "தெரியல", "தெரியும்ல" மூன்றும் ஒரே தலையோடு தொடங்குகின்றன. வாக்கியத்தின் கடைசியில் பேசுபவரின் குரல் இறங்குகிறது. எதிரில் இருப்பவர் குறுக்கே புகுவதும் அதே இடத்தில்தான். மிக முக்கியமான அசை மிக மெலிந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதிலும் இந்த "ல" இரு பக்கமும் போகும். "தெரியல" என்பதில் அது இல்லை என்கிறது. "தெரியும்ல" என்பதில் "தெரியும்தானே" என்று ஆமோதிக்கச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஓர் "உம்" மட்டும்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. சரிபார்ப்பவன் நான் என்பதால் என் காதை நம்பி "தெரியல" என்று மாற்றிவிடலாம். முன்பின் பேச்சை வைத்துப் பொருத்தமானதைப் போடலாம். இரண்டும் வேண்டாம் என்று, கேட்டது உறுதியில்லை எனக் குறிக்கலாம்.

முதல் வழியை உடனே ஒதுக்கினேன். என் காதும் ஒரு காதுதான். இரண்டாவது வழி உண்மையிலேயே ஆசை காட்டியது. சில விநாடிகள் கழித்து விசாரணை அதிகாரி "சரி, அப்போ வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்கிறார். "தெரியல" என்ற பதிலுக்குப் பின் வரும் கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் எழுத்தாக்குநர் இதே வரியைத் தன் பக்கத்துக்குச் சான்றாகக் காட்டினார்: மேற்பார்வையாளருக்குத் தெரியும் என்று உறுதியான பின் அதிகாரி, அவரைத் தவிர வேறு யாருக்கு என்று கேட்கிறார். இரண்டு வாசிப்பும் நிற்கின்றன. தவிர, என்ன பொருள் என்று தீர்மானிப்பது விசாரணை நடத்துபவரின் வேலை. என்ன ஒலித்தது என்று சொல்வது மட்டுமே எங்கள் வேலை. அந்த எல்லையைத் தாண்டினால், எங்கள் ஊகம் இன்னொருவரின் வாக்குமூலமாகிவிடும்.

ஆகவே மூன்றாவது வழி. உரையாடல் ஆய்வுக்காக கெயில் ஜெஃபர்சன் வகுத்த குறியீட்டு முறையில், ஐயமாகக் கேட்ட சொல்லைப் பிறை அடைப்புக்குள் போடுவார்கள். ஒன்றுமே கேட்காத இடத்தில் வெறும் அடைப்பை விடுவார்கள். அந்த முறையின் நுட்பங்கள் எல்லாம் விசாரணைப் பிரதிக்குத் தேவையில்லை, ஆனால் இந்த ஒரு வேறுபாடு எங்களுக்குப் போதும். இரண்டு சாத்தியங்களையும் அடைப்புக்குள் எழுதி நேரக்குறி இட்டோம். பேச்சு மேலே மேலே விழுந்த வேறு இரண்டு இடங்களையும் அப்படியே மாற்றினோம்.

அன்று மாலையே வாடிக்கையாளரை அழைத்து, முந்தைய நாள் அனுப்பிய பிரதியை யாருக்கும் தர வேண்டாம் என்று சொன்னேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பிரதியிலிருந்த வரியை மேற்கோள் காட்டி ஓர் இடைக்காலக் குறிப்பு தயாராகி, அதன் அடிப்படையில் மேற்பார்வையாளரிடம் எழுத்து விளக்கமும் கேட்டுவிட்டார்கள்.

ஒரு மனிதர் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக ஒரு காகிதம் அவர் கைக்குப் போயிருக்கக்கூடும். அந்தச் சொல்லைப் போட்டவர்கள் நாங்கள்.

"அடைப்பெல்லாம் இல்லாமல் ஒரே முடிவான பிரதி தாருங்கள்" என்று வாடிக்கையாளர் இரண்டு முறை கேட்டார். முடியாது என்று சொல்வது கடினமாகத்தான் இருந்தது. காசு கொடுத்தவர், அவசரத்தில் இருப்பவர். கேட்காததைக் கேட்டதாக எழுதித் தர முடியாது என்றும், மூலக் கோப்பு கிடைத்தால் மேலும் முயல்கிறோம் என்றும் சொன்னேன்.

மூலக் கோப்பு

செயலி வழியே வந்தது சுருக்கப்பட்ட நகல். கோப்பின் அளவைக் குறைக்கும்போது ஒலியின் நுட்பமான பகுதிகளைத்தான் முதலில் கழிப்பார்கள். இரைச்சலும் குரலும் கலந்த இடத்தில் இரண்டும் ஒன்றோடொன்று குழைந்துவிடும். நல்ல வேளையாக, பதிவு செய்த கைப்பேசியில் மூலக் கோப்பு அழியாமல் இருந்தது. நான்காம் நாள் காலை அதைப் பென் டிரைவில் வாங்கினோம்.

அதை நானோ எழுத்தாக்குநரோ முதலில் கேட்கக் கூடாது என்று முடிவு செய்தோம். எங்கள் இருவர் காதும் ஏற்கெனவே கட்சி கட்டிவிட்டது. விஷயம் எதுவும் தெரியாத இரண்டு சக ஊழியர்களைத் தனித்தனியாக உட்கார வைத்து, ஆறு விநாடித் துண்டை மட்டும் தந்து, கேட்டதை எழுதச் சொன்னோம். கேட்காவிட்டால் கோடு போடலாம் என்றும் சொல்லிவைத்தோம். அந்தத் துண்டில் பேசியவர் பெயரோ வழக்கின் விவரமோ கிடையாது. இருவரும் "தெரியல" என்று எழுதினார்கள்.

பிறகுதான் நாங்கள் கேட்டோம். மூலத்தில் இரைச்சல் சீராகத் தனியே ஓடுகிறது, குரல் அதிலிருந்து பிரிந்து நிற்கிறது. "தெரிய" என்பதிலிருந்து நேரே "ல"வுக்குப் போகிறது குரல், நடுவில் இதழ் மூடவில்லை. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். இதழ் மூடி "ம்" வந்தால் குரலின் வலு சட்டென்று குறைய வேண்டும், அப்படி ஒரு சரிவும் அங்கே இல்லை. எழுத்தாக்குநர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறிப்பை அவரிடம் கொடுத்ததும், இரண்டாம் கேட்புக்கு முன் பிரதியை அனுப்பியதும் என் முடிவுகள்.

மற்ற இரண்டு இடங்களில் ஒன்று மூலத்தில் தெளிவானது. 31-ஆம் நிமிடத்தில் மூவரும் ஒரே நேரத்தில் பேசும் நான்கு விநாடி மட்டும் தெளியவில்லை.

நல்ல தமிழாக்கியதில் போன பொருள்

மூலத்தோடு முழுப் பிரதியையும் மறுபடி ஒப்பிட்டபோது இன்னொரு வகைப் பிழை கண்ணில் பட்டது. இது காதின் பிழையே இல்லை. மேற்பார்வையாளர் ஓரிடத்தில் "அவங்க சொன்னாங்க, அதனாலதான் கழட்டுனோம்னு அப்புறமா கேள்விப்பட்டேன்" என்கிறார். பிரதியில் "அவர்கள் கூறினார்கள்" என்று இருந்தது. இலக்கணப்படி சரிதான். ஆனால் பேச்சில் "அவங்க" என்பது பலராகவும் இருக்கலாம், மரியாதைக்குரிய ஒருவராகவும் இருக்கலாம். ஆணா பெண்ணா என்றும் சொல்லாது. எழுத்தில் "அவர்கள்" என்று போட்டதும் வாசிப்பவர் ஒரு கூட்டத்தைக் கற்பனை செய்துகொள்கிறார். மூடியைக் கழற்றச் சொன்னது ஒருவரா பலரா என்பது இந்த விசாரணையில் சாதாரண விஷயமா?

ஒரு சொற்பொழிவையோ பேட்டியையோ எழுத்து நடைக்கு மாற்றுவதில் தவறில்லை. படிக்கிறவருக்கு அது உதவி. வாக்குமூலத்தில் அந்த மாற்றம் ஒரு மொழிபெயர்ப்பு, எந்த மொழிபெயர்ப்பும் எங்கேயாவது ஒரு முடிவை எடுத்துவிடும். "நல்ல தமிழில் வேண்டும்" என்று கேட்டபோதே இதை விளக்கியிருக்க வேண்டியது எங்கள் கடமை. இறுதிப் பிரதியைச் சொல்லுக்குச் சொல் பேச்சு வடிவிலேயே தந்தோம். "ம்", "வந்து", "இல்ல இல்ல" எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. வாடிக்கையாளர் படிக்கச் சிரமமாக இருக்கிறது என்றார், ஆனால் ஏற்றுக்கொண்டார்.

பின்விளைவு

ஐந்தாம் நாள் திருத்திய பிரதியோடு ஒரு பக்கக் கடிதமும் அனுப்பினோம். எந்த வரி மாறியது, எந்த நேரத்தில், ஏன், முதல் பிரதியில் யார் தவறு என்று அதில் மழுப்பாமல் எழுதினோம். மற்ற நான்கு பதிவுகளும் இரண்டு நாள் தாமதமாயின.

இடைக்காலக் குறிப்பைத் திரும்பப் பெற்றார்கள். மேற்பார்வையாளரை மறுபடி அழைத்து, அந்த ஒலித்துண்டை அவர் முன்னாலேயே போட்டுக் காட்டினார்கள். "தெரியலன்னுதான் சொன்னேன்" என்று அவர் சொன்னதாகப் பிறகு எங்களுக்குத் தகவல் வந்தது. கையில் எழுத்து விளக்கக் கடிதத்தோடு அவர் கழித்த அந்த மூன்று நாட்களை எங்கள் திருத்தக் கடிதம் திருப்பித் தராது. அவருக்கு உண்மையில் தெரியுமா என்பதை விசாரணை மற்ற சாட்சிகளைக் கொண்டு தனியே ஆராய்ந்தது. அதன் முடிவு எங்களுக்குச் சொல்லப்படவில்லை, அதைக் கேட்கவும் எங்களுக்கு உரிமையில்லை.

இனி மாற்றியவை

வாடிக்கையாளர் தரும் குறிப்பில் பெயர்கள், கலைச்சொற்கள், பேசுவோர் வரிசை ஆகியவற்றை மட்டும் எழுத்தாக்குநருக்குத் தருகிறோம். என்ன சொன்னார் என்று சொல்லும் வரிகளை நான் வெட்டிவிடுகிறேன். வாக்குமூலம், விசாரணை, தகராறு சம்பந்தப்பட்ட எந்தப் பதிவுக்கும் மென்பொருள் வரைவைத் திறப்பதில்லை. வெற்றுப் பக்கத்திலிருந்து தட்டுகிறோம். மெதுவாகத்தான் போகிறது. அதற்கேற்ற நாட்களை முதலிலேயே கேட்டுவிடுகிறோம்.

கோப்பு வந்ததும் முதல் கேள்வி, "இது மூலமா, நகலா?" நகல் என்றால் வேலை தொடங்குவதில்லை. இரண்டாம் கேட்பு முடியாமல் ஒரு பக்கம்கூட வெளியே போவதில்லை, எவ்வளவு அவசரமென்றாலும். இரண்டாம் கேட்பாளர் முதலில் பிரதியைப் பார்க்காமல் கேட்க வேண்டும் என்பது அன்று தற்செயலாக நடந்தது, இப்போது விதி.

எழுத்தாக்குநர் தன் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். "தெரியல – தெரியும்ல", "வரல – வரும்ல", "முடியல – முடியும்ல" என்று ஜோடி ஜோடியாக எழுதி வருகிறார். மருத்துவத் துறையில் ஒத்தொலிக்கும் மருந்துப் பெயர்களுக்குப் பட்டியல் வைத்திருப்பார்களே, அதே மாதிரி. இந்த ஜோடிகளில் ஒன்று வந்தால், எவ்வளவு தெளிவாகக் கேட்டாலும் நிறுத்தி மறுபடி கேட்கிறார். புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் வாரம் அந்த நோட்டைத்தான் கொடுக்கிறோம்.

31-ஆம் நிமிடத்தின் நான்கு விநாடி இறுதிப் பிரதியில் வெறும் அடைப்பாகவே இருக்கிறது, நேரக்குறியோடு.